சேற்றிலிருந்து யார் யாரை இழுத்தது

எல்டன் ரூப்ரெக்ட் அறுபத்தோரு வயதுவரை ஒரு பொய்கூடச் சொன்னதில்லை என்று எழுதினால் அதுவே ஒரு பொய்யாகிவிடும். மைத்துனி ஒவ்வொரு ஈஸ்டருக்கும் கொண்டுவரும் பச்சை நிற ஜெல்லி சாலட்டை நன்றாக இருப்பதாக அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் மழை விஷயத்தில் மட்டும் அந்த மனிதர் நூறில் ஒரு பங்கு அங்குலம்கூடப் பிசகியதில்லை.

இருபத்தொன்பது வருஷமாகத் தினமும் காலை ஏழு மணிக்கு வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மழைமானிக்குப் போவார். அளவுகோலை உள்ளே விட்டு, எடுத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஈரம் நின்ற கோட்டைப் படிப்பார். பிறகு வானிலை அலுவலகத்துக்குச் சொல்லுவார். சம்பளம் கிடையாது. இருபத்தைந்தாம் வருஷம் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை அனுப்பினார்கள். தற்பெருமையாகத் தெரியும் என்று அதைத் தேவாலயத்துக்குக்கூட அவர் குத்திக்கொண்டு போகவில்லை. மகளின் கல்யாணத்தன்று காலை போட்டோக்காரர் எல்லோரையும் நிறுத்திவைத்துக் காத்திருந்ததும், மணப்பெண்ணின் அப்பா கோட்டும் டையுமாகக் கொல்லைப்பக்கம் குனிந்து நின்றதும் ஊருக்கே தெரியும். அன்று பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஆறு.

பனி விழுந்தால் வேலை கூடும். மானியின் உருளையை வீட்டுக்குள் கொண்டுவந்து, அதில் விழுந்த பனியை உருக்கி அளக்க வேண்டும். அளக்க முடியாத அளவுக்குத் தூறினால் எண் எழுதக் கூடாது, சுழியமும் எழுதக் கூடாது. 'சுவடு' என்று எழுத வேண்டும். அதாவது, ஏதோ விழுந்தது, ஆனால் இவ்வளவு என்று சொல்வதற்கில்லை. உலகத்திலேயே நேர்மையான வார்த்தை அதுதான் என்று எல்டன் நினைத்திருந்தார்.

அயோவாவில் எங்கள் பக்கத்தில் யார் வயலில் எவ்வளவு பெய்தது என்பதைவிடப் பெரிய தகராறு கிடையாது. தானியக் கிடங்கின் காப்பி மேஜையில் இரண்டு பேர் குரலை உயர்த்தினால், மூன்றாவது ஆள், "எல்டன் என்ன எழுதியிருக்கான்?" என்பார். அதோடு முடிந்தது. ராஜா ஆண்ட காலத்தில் ராஜமுத்திரைக்கு இருந்த மரியாதை அது.

அந்த மரியாதைக்குத்தான் போன நவம்பரில் ஆபத்து வந்தது. வந்தது ஒரு ஜனாதிபதி வேட்பாளரின் உருவத்தில்.

நாலு வருஷத்துக்கு ஒருமுறை நாட்டை ஆள ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் முதலில் எங்கள் சமையலறைகளுக்குத்தான் வந்தாக வேண்டும். மூன்று தடவையாவது கைகுலுக்காத ஒருவருக்கு ஆதரவு சொல்வதை எங்கள் பக்கம் அவசர புத்தி என்பார்கள். இந்த முறை வந்தவர்களில் விட்காம் என்று ஒருவர், மேற்கே ஏதோ மாநிலத்தின் முன்னாள் கவர்னர். நல்ல உயரம். நெருங்கிய சொந்தக்காரர் வீட்டுச் சாவுக்கு வந்தவர்போல அக்கறையாகப் பார்க்கும் கண்.

நவம்பர் ஒன்பதாம் தேதி, ராத்திரி முழுக்க மழை அடித்து ஓய்ந்த காலையில், அவருடைய பஸ் எல்டன் வீட்டுக்குத் தெற்கே உள்ள பி சாலையில் நுழைந்தது. பி சாலை என்றால் கவுண்டி நிர்வாகம் கைகழுவிய மண் சாலை. அதன் வாயில் மஞ்சள் பலகை இருக்கிறது: 'பராமரிப்பு இல்லை. நுழைவது உங்கள் பொறுப்பு.' மழை பெய்த மறுநாள் அதில் நாய்கூட நுழையாது. பஸ் முந்நூறு அடி போய், அச்சுவரை இறங்கி, ஒரு பக்கம் சாய்ந்து யோசனையில் ஆழ்ந்தது.

எல்டன் டிராக்டரோடும் சங்கிலியோடும் போய்ச் சேர்ந்தபோது கவர்னர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். இன்னொரு காலின் பூட்ஸைச் சேறு வாங்கிக்கொண்டிருந்தது.

"பலகை இருக்குன்னு நான் சொன்னேங்க," என்று ஓட்டிவந்த அம்மாள் கவர்னர் காதுபடவே சொன்னாள். "இவர்தான், போன்ல பதினோரு நிமிஷம் மிச்சம்னு காட்டுது, நேரா விடுன்னார்."

எல்டன் வானத்தைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார், காலைப் பார்த்தார்.

"கொஞ்சம் ஈரமாத்தான் இருக்கு," என்றார்.

இழுத்து வெளியே விட இருபது நிமிஷம் ஆயிற்று. ஆனால் பஸ்ஸின் அடிவயிற்றில் ஏதோ குழாய் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. மெக்கானிக் வரும்வரை கவர்னர் எல்டனின் சமையலறையில், எல்டனின் கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொண்டு, இரண்டு மணி நேரம் இருந்தார்.

அந்த இரண்டு மணி நேரம்தான் எல்லா வம்புக்கும் காரணம். ஏனென்றால் அதில் கவர்னர் இரண்டு காரியம் செய்தார். முதலாவது, எல்டனின் மனைவி ஆர்டிஸ் தொட்டியில் ஊறப்போட்டிருந்த பெரிய வறுவல் தட்டை, யாரும் கேட்காமலே, சட்டைக் கையை மடக்கிவிட்டுத் தேய்த்துக் கழுவினார். மூலையில் இருந்த கருகலைக்கூட விடவில்லை. இரண்டாவது, ஜன்னலோரம் இருந்த மழைப் புத்தகங்களைப் பார்த்து, "இது என்னங்க?" என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல் பதிலையும் கேட்டார். நாற்பது நிமிஷம். தொண்ணூற்று மூன்றாம் வருஷத்து வெள்ளம் எந்தத் தேதியில் தொடங்கியது என்று கேட்டார். 'சுவடு' என்றால் என்ன என்று கேட்டுவிட்டு, "அரசியல்ல எங்களுக்கு இப்படி ஒரு வார்த்தை இல்லாம போச்சே," என்றார். எல்டனின் சொந்த மகள்கூட இருபத்தொன்பது வருஷத்தில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் கேட்டதில்லை. ராத்திரி படுக்கும்போது எல்டன், "விவரம் தெரிஞ்ச ஆளுதான்," என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய காவியம்.

எங்கள் பக்கம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. சேற்றில் மாட்டியவன்தான் அந்தக் கதையை வெளியே சொல்ல வேண்டும். இழுத்துவிட்டவன் முதலில் வாய் திறக்கக் கூடாது. மாட்டியவன் ஒரு நாள் காப்பி மேஜையில் தன்னைத்தானே கிண்டல் செய்துகொண்டு சொல்லுவான், எல்லோரும் சிரிப்பார்கள், இழுத்தவன் "பெரிசா ஒண்ணுமில்ல" என்று கோப்பையைப் பார்ப்பான். எல்டனும் வாயைக் கட்டிக்கொண்டு, கவர்னர் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

கவர்னர் சொன்னார். தொலைக்காட்சியில் சொன்னார்.

"ஒரு காலைல மண் ரோட்டுல போயிட்டிருக்கோம்," என்றார். "அங்க ஒரு விவசாயி டிராக்டரோட சேத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறார். பேரு எல்டன். நான் சட்டைக் கையை மடிச்சு விட்டுட்டு இறங்கினேன். வாஷிங்டன்ல இருக்கிறவங்க வேடிக்கை பாத்துட்டுப் போயிருப்பாங்க."

கூட்டம் கை தட்டியது. எல்டன் கையில் இருந்த உருளைக்கிழங்கு வாய்க்குப் போகாமல் நின்றது.

"சட்டைக் கையை மடிச்சது நிஜந்தானே," என்றாள் ஆர்டிஸ். "என் தட்டைக் கழுவறதுக்கு."

அதன்பிறகு கதை ஊர் ஊராக வளர்ந்தது. முதலில் கணுக்கால் அளவு இருந்த சேறு, நன்றி சொல்லும் பண்டிகைக்குள் முழங்காலுக்கு ஏறியது. கிறிஸ்துமஸுக்குள் ஒரு கன்றுக்குட்டியும் வந்து சேர்ந்துகொண்டது. எல்டன் மாடு வளர்ப்பதில்லை.

ஜனவரியில் கவர்னர் எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்கே வந்தார். சில்லிக் குழம்பும் பட்டைத்தூள் போட்ட ரோலும் போட்டார்கள். எண்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கதையின் நடுவில் கவர்னரின் கண் எல்டன்மேல் விழுந்தது. முகம் அப்படியே மலர்ந்தது.

"அட, அந்த மனுஷரே இங்க இருக்காரே! எல்டன், நீங்களே சொல்லுங்க. நான் சொன்னது சரிதானே?"

எண்பது கரண்டிகள் அந்தரத்தில் நின்றன. எல்டன் கவர்னரின் கண்ணைப் பார்த்தார். பொய் சொல்லுகிறவனின் கூச்சம் அதில் துளிகூட இல்லை. அந்த ஆள் தான் இழுத்ததாகவே நம்பிவிட்டார். விருந்தாளியை எண்பது பேர் நடுவில் அசிங்கப்படுத்த எல்டனின் அம்மா அவரை வளர்க்கவில்லை.

"நல்ல சேறுதான்," என்றார் எல்டன்.

கைதட்டல் கூரையில் மோதியது.

அன்றிலிருந்து எல்டனுக்குச் சந்தேகம் இரண்டாகப் பிரிந்தது. கவர்னர் தெரிந்தே கதையைத் திருப்பினார் என்றால் அவருடைய நேர்மை சரியில்லை. தெரியாமலே திருப்பினார் என்றால் அவருடைய புத்தி சரியில்லை. எது மேல்? பதினோரு நிமிஷம் மிச்சம் பிடிக்க மஞ்சள் பலகையைத் தாண்டிப் போன ஆள், நாளைக்கு நாட்டையே ஏதாவது பி சாலையில் விட்டுவிட்டு, பிறகு எதிரி நாட்டைத் தான் இழுத்துக் காப்பாற்றியதாகச் சொன்னால்? மழைமானிக்கு முன்னால் குனிந்தபடி எல்டன் இதையே யோசித்தார். யோசிக்கும்போதெல்லாம் அந்த நாற்பது நிமிஷம் வந்து குறுக்கே நின்றது.

"அந்தத் தட்டை நீ முப்பத்தாறு வருஷத்துல ஒரு தடவை கழுவியிருக்கியா?" என்பாள் ஆர்டிஸ். அவள் கவர்னருக்கு ஆதரவு அட்டையில் கையெழுத்துப் போட்டு, எங்கள் வட்டாரத்தில் அவருக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பையும் ஏற்றிருந்தாள்.

"அவர் சொன்னது நடக்கல, ஆர்டிஸ்."

"தட்டு கழுவினது நடந்துச்சு."

இது வீட்டுக்குள். வெளியே நிலைமை இதைவிட மோசம். தானியக் கிடங்கில் மழைக் கணக்கைச் சொன்ன எல்டனைப் பார்த்து, வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதருமான டெல்மர் ஹாங்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"யோவ் எல்டன், ஒரு சந்தேகம். நேத்து மழை உன்னை நனைச்சுதா, இல்ல நீ மழையை நனைச்சியா?"

மேஜை சிரித்தது. எல்டனும் சிரித்தார். மறுநாள் டெல்மர், "அந்தக் கன்னுக்குட்டி எப்படியிருக்கு? தீனி தின்னுதா?" என்றார். அதற்கும் சிரித்தார். மூன்றாம் நாள் சிரிக்க முடியவில்லை. டெல்மர் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் மழைமானி வாங்கிவந்து, எல்டன் ஜன்னலுக்கு நேர் எதிரே, தன் வேலிக் கம்பத்தில் திருகி வைத்திருந்தார்.

"எதுக்கும் இருக்கட்டுமேன்னுதான்," என்றார் டெல்மர், எல்டன் முகத்தைப் பார்க்காமல். "ஆளுக்கு ஒண்ணு இருந்தா நல்லதுதானே."

எல்டன் வீட்டுக்கு வந்து நெடுநேரம் அந்தக் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தொன்பது வருஷத்து ராஜமுத்திரைக்கு எதிராக ஒரு பிளாஸ்டிக் குழாய். அதற்குக் காரணம் கவர்னர் இல்லை என்று அவருக்குத் தெரியும். 'நல்ல சேறுதான்' என்ற இரண்டு வார்த்தைதான் காரணம்.

பிப்ரவரி முதல் வாரத்தில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சிக் கூட்டம். மற்ற ஊர்களில் திரைக்குப் பின்னால் போய் ரகசியமாக ஓட்டுப் போடுகிறார்களாம், பாக்கியசாலிகள். நாங்கள் பள்ளிக்கூடத்து விளையாட்டு அரங்கில், அக்கம்பக்கத்துக்காரர்கள் பார்த்திருக்க, அவரவர் வேட்பாளரின் மூலையில் போய் நிற்க வேண்டும். பத்தில் ஒன்றரைப் பங்கு ஆள் சேர்ந்த மூலைக்குப் பிரதிநிதி உண்டு; சேராத மூலை கலைந்து வேறு மூலைக்குப் போகலாம். யார் மனதில் யார் இருக்கிறார் என்பது அன்று கால் போகும் திசையிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அன்று அறுபத்தோரு பேர். தபாலாபீஸ் நோரீன்தான் தலைவர். கழுத்தில் விசிலும் கையில் சமையலறைக் கடிகாரமும்.

"ஒரு மூலைக்குப் பத்துப் பேர் வேணும்!" என்று கத்தினாள். "நகருங்க. பேசறதைப் பிறகு பேசலாம்."

ஒருவருக்கு இருபத்தைந்து, இன்னொருவருக்குப் பத்தொன்பது. டெல்மர் நின்ற ஒரு செனட்டரின் மூலையில் ஐந்தே பேர். கவர்னர் விட்காமுக்கு, ஸ்கோர் பலகைக்குக் கீழே, கையில் ஓட்ஸ் பார் நிறைந்த தகரப் பெட்டியுடன் ஆர்டிஸ். அவளோடு எட்டுப் பேர். ஆக ஒன்பது. இன்னும் முடிவு செய்யாதவர்களுக்கென்று குடிதண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஒதுக்கிய, கணக்கில் ஒரு மூலையாகவே சேரும் இடத்தில் எல்டன், காது கேட்காத ஒரு பெரியவர், குழந்தை தூங்கிவிட்டதால் நகர முடியாத ஒரு தாய்.

ஆர்டிஸ் தலையை எண்ணினாள். மறுபடி எண்ணினாள். பிறகு அரங்கைத் தாண்டிக் கணவனைப் பார்த்தாள்.

"எல்டன், ஒரே ஒரு ஆளு," என்றாள்.

அறுபது முகம் திரும்பியது. பதினைந்து தப்படி நடந்தால் போதும். ஒரு வேட்பாளர் பிழைத்துக்கொள்வார்; வீட்டில் சாப்பாடு சூடாகக் கிடைக்கும். எல்டன் நடக்கவில்லை. கையைத் தூக்கினார்.

"நோரீன், ஒரு நிமிஷம் பேசலாமா?"

அவர் பொதுவில் பேசி யாரும் கேட்டதில்லை. நோரீன் கடிகாரத்தைத் திருகினாள்.

"நவம்பர் ஒன்பது, மழை ஒண்ணு புள்ளி மூணு ஏழு," என்றார் எல்டன். "பி ரோட்டுல சேறு பதினோரு அங்குலம். மாட்டினது கவர்னரோட பஸ். இழுத்தது என் டிராக்டர். கன்னுக்குட்டி கிடையாது. தீயணைப்பு நிலையத்துல என்னைக் கேட்டப்ப நல்ல சேறுதான்னு சொன்னேன். அது நிஜம், ஆனா கேட்ட கேள்விக்கு அது பதில் இல்ல. அது என் தப்பு. உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

மூச்சு வாங்கினார்.

"அவர் என் சமையல்கட்டுல நாப்பது நிமிஷம் மழைப் புத்தகத்தைப் பத்திக் கேட்டார். வேற யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல. அதுக்கு நான் சாகிறவரைக்கும் நன்றியோட இருப்பேன். நல்ல மனுஷனா? ஆமா. நம்பி நாட்டைக் கொடுக்கலாமா? எனக்கு அளக்கத் தெரியல. அளக்கத் தெரியாததுக்கு நான் நம்பர் எழுதறதில்ல. அவ்வளவுதான்."

"அம்பத்திரண்டு செகண்ட்," என்றாள் நோரீன். அவள் குரல் லேசாகக் கரகரத்தது. சளி என்று பிறகு விளக்கம் சொன்னாள்.

நோரீன் விசில் ஊதினாள். ஆள் சேராத மூலைகள் கலைந்தன. ஆர்டிஸ் தகரப் பெட்டியை மூடி, தூக்கிக்கொண்டு, நேராகக் குழாய்ப் பக்கம் வந்து நின்றாள். அவளோடு மூன்று பேர். அந்த மூவர் கண்ணும் பெட்டியின்மேல்தான் இருந்தது என்பதும் பதிவாக வேண்டும்.

"தட்டு கழுவினது நிஜம்," என்றாள் எல்டனிடம்.

"நிஜம்," என்றார் எல்டன்.

செனட்டரின் மூலையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒன்பது. நோரீன் கடிகாரத்தைப் பார்த்தாள். கடைசியாக, யாரையும் பார்க்காமல், பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு டெல்மர் ஹாங்க் வந்து பத்தாவது ஆளாக நின்றார்.

"அந்தப் பக்கம் ஒரே புழுக்கம்," என்றார். "இங்க தண்ணிக் குழாய் இருக்கு."

இப்படியாக எங்கள் வட்டாரத்தில் சந்தேகத்துக்கு முறைப்படி ஒரு பிரதிநிதி கிடைத்தார். மார்ச் மாதம் கவுண்டி மாநாட்டுக்குப் போய், தனக்கு இன்னும் தெரியவில்லை என்று மக்கள் சார்பாக அறிவிக்கும் பொறுப்பு எல்டன் ரூப்ரெக்டிடம் ஒருமனதாக ஒப்படைக்கப்பட்டது. கவர்னர் மற்ற ஊர்களிலும் தேறவில்லை. அந்த வாரமே போட்டியிலிருந்து விலகிவிட்டார்.

பத்து நாள் கழித்து ஒரு தபால் அட்டை வந்தது. கையெழுத்து கவர்னருடையது. 'எல்டன், நீங்கள் பேசியதை எழுதி அனுப்பினார்கள். நீங்கள்தான் இழுத்தீர்கள். முதல் ஊரில் நான் சரியாகத்தான் சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. அப்புறம் எங்கே மாறியது என்று எனக்கே தெரியவில்லை. காலுறை இன்னும் என்னிடம் இருக்கிறது. அன்று மழை ஒன்றரை அங்குலம்தானே?'

எல்டன் அட்டையை இரண்டு தடவை படித்தார். முதல் ஊர் எது என்று எழுதவில்லை, அதைக் கவனித்தார். இருந்தாலும், போட்டி முடிந்து, ஓட்டு வேண்டாதபோது வந்த அட்டை. அதையும் கவனித்தார். ஒரு வரியில் பதில் போட்டார்: 'ஒன்று புள்ளி மூன்று ஏழு. காலுறையை வைத்துக்கொள்ளுங்கள்.' அட்டையை நவம்பர் ஒன்பதாம் தேதிப் பக்கத்தில் செருகி வைத்தார்.

அடுத்த நாள் நல்ல பனி. காலை ஏழு பத்துக்கு, உருளையில் பனியை உருக வைத்திருந்த நேரத்தில், டெல்மர் பின்கதவைத் தட்டினார்.

"எல்டன், எவ்வளவு விழுந்துச்சு?"

"உன்னுதுல பாக்கலையா?"

"அது போச்சுப்பா. குளிர்ல வெடிச்சிருச்சு. மட்டமான பிளாஸ்டிக்கு." டெல்மர் தொப்பியைக் கையில் திருப்பினார். "நீ சொல்றதையே எழுதிக்கறேன். எப்பவும்போல."

"பூஜ்யம் புள்ளி மூணு ஒண்ணு."

"சரி," என்றார் டெல்மர். ஆர்டிஸ் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

தபால் எடுக்கப் போனபோது எல்டன் வேலியோரம் நின்று பார்த்தார். குளிரில் வெடிக்கும் பிளாஸ்டிக் நீளவாக்கில் பிளக்கும். இருபத்தொன்பது வருஷத்தில் அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். இது நடுவில் வட்டமாக, சுத்தியல் தலை அளவுக்கு உடைந்திருந்தது. கம்பத்தடியில் டெல்மரின் பூட்ஸ் தடம்.

எல்டன் வீட்டுக்கு வந்து, மூக்கை நன்றாகச் சிந்திக்கொண்டு, புத்தகத்தைத் திறந்தார். பனி உருகிய நீர் 0.31 என்று எழுதினார். பக்கத்தில் குறிப்புக்கென்று உள்ள கட்டத்தில், எதைப் பற்றி என்று சொல்லாமல், 'சுவடு' என்று எழுதி அனுப்பிவிட்டார்.

மதியம் வானிலை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "ஐயா, ஒரே நாள்ல புள்ளி மூணு ஒண்ணும் எழுதியிருக்கீங்க, சுவடுன்னும் எழுதியிருக்கீங்களே? எது சரி?"

"ரெண்டும் சரிம்மா," என்றார் எல்டன். "ரெண்டாவது பக்கத்து வீட்டுல விழுந்தது."